தலைவலிக்காரி தண்ணீர் குடித்த குற்றம்

இன்று கடையில் தண்ணீர் குடித்ததற்காக என்னிடம் விளக்கம் கேட்டார்கள்!

ஆமாம், தண்ணீர்தான். நீங்கள் சரியாகத்தான் படித்தீர்கள்.

மதுரை பழங்காநத்தத்தில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுச்சேலை செக்‌ஷனில் நிற்கிறேன். (வேலை பார்க்கிறேன் என்பதைவிட நிற்கிறேன் என்பதுதான் சரி. ஸ்டூல் உண்டு. அதில் சேலை கட்டிய பொம்மை உட்கார்ந்திருக்கிறது!)

எனக்கு ஒற்றைத் தலைவலி. தலைக்கு நேர் மேலே ஃபோகஸ் லைட். கடை திறந்ததுமே ரூம் ஸ்ப்ரே. கூட்டம் வந்தால் மதியச் சாப்பாடு சாயங்காலம் வரை தள்ளிப்போகும். வலது கண்ணுக்குப் பின்னால் ஆணி இறக்குவது போல ஆரம்பித்து வாந்தியில் போய் நிற்கும்.

எங்கள் மேனேஜர் இதற்கு ஒரு வைத்தியம் வைத்திருக்கிறார். டிராயர் நிறைய வலி மாத்திரை! யார் நெற்றியைப் பிடித்தாலும் ஒன்றைப் பிய்த்துக் கொடுப்பார்.

"போட்டுட்டுப் போய் நில்லும்மா, கூட்டம் நிக்கிதுல்ல."

நானும் அனேகமாக தினமும் வாங்கி விழுங்கினேன். வலி குறையவில்லை, கூடியது. போன மாதம் ஷேர் ஆட்டோவிலேயே வாந்தி வந்துவிட்டது. எங்கள் அவனியாபுரத்தில் இறங்கி வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக டாக்டரிடம் போய் மாத்திரையைக் காட்டினேன்.

"இந்த மாத்திரைய யாரும்மா எழுதிக் குடுத்தா?"

"எங்க மேனேஜர், மேடம்."

"அவரு டாக்டரா?"

"பி.காம், மேடம்."

(அவர் சிரிக்கவில்லை.)

"வலி மாத்திரைய இப்பிடி தெனமும் போட்டா அதுவே தலவலியக் கொண்டுவரும். இனிமே வேற மாத்திரை தாரேன், வலி வராமத் தடுக்குறதுக்கு. அத நாஞ் சொல்லாம நிறுத்தாத. ஆனா மாத்திரை பாதி வேலதான் பாக்கும். மீதிய நீதான் பாக்கணும். பட்டினி கெடக்காத. நாவறண்டு போறவரைக்கும் இருக்காம அப்பப்பத் தண்ணி குடி. லீவு நாள்னாலும் ஒரே நேரத்துல தூங்கி ஒரே நேரத்துல எந்திரி. காலையில கொஞ்சம் நட."

இம்புட்டுதானா என்று சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன்.

பக்கத்து வீட்டு அக்கா மட்டும் சண்டைக்கு வந்தார். "இங்கிலீஷ் மாத்திரையத் தூக்கிப்போட்டுட்டு சுக்கப் பத்துப் போடுடி!" சுக்குப் பத்தும் போட்டேன், இதமாகத்தான் இருந்தது. மாத்திரையைத் தூக்கிப்போடவில்லை. இரண்டுக்கும் என்ன பங்காளிச் சண்டையா?

உண்மையாகவே வலி குறைந்தது. முன்பு வாரம் முழுக்கப் படுத்தியது, இப்போது எப்போதாவது எட்டிப் பார்க்கிறது. எட்டிப் பார்ப்பதும் சாப்பாடு தள்ளிப்போகும் அன்றைக்குத்தான்!

இப்போது இன்றைய கூத்துக்கு வருகிறேன்.

காலையிலிருந்து கல்யாணக் கூட்டம். கல்யாணப் பெண்ணின் அம்மாவுக்குச் சேலை விரித்து விரித்துத் தொண்டை காய்ந்துவிட்டது. பாட்டிலை எடுத்து இரண்டு மடக்கு குடித்தேன். எங்கிருந்துதான் பார்த்தாரோ, மேனேஜர் வந்து நின்றார்.

"என்ன செல்வி, கஸ்டமர் முன்னாடி பாட்டிலத் தூக்குற? இதென்ன பஸ் ஸ்டாண்டா?"

"தலவலிண்ணே. தண்ணி குடிச்சுக்கிட்டே இருக்கணும்னு டாக்டரு சொல்லியிருக்காங்க."

"தலவலி யாருக்குத்தான் இல்ல? இந்தா, ஒண்ணு போடு." சட்டைப் பையிலிருந்து அதே மாத்திரை அட்டை வெளியே வந்தது!

"வேணாம்ண்ணே. அதப் போட்டுப் போட்டுத்தான் எனக்கு வலி கூடிப்போச்சு."

அவர் என்னை விட்டுவிட்டு அந்த அம்மாவைப் பார்த்து, "சாரி மேடம்" என்று குழைந்தார்.

"எதுக்குத் தம்பி சாரி? அந்தப் புள்ள தண்ணிதான குடிச்சா? எனக்குந்தான் தொண்ட காயிது, ஒரு டம்ளர் கொண்டாரச் சொல்லுங்க!"

மேனேஜர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! ஆனாலும் விடவில்லை. கூட்டம் போனதும் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"இனிமே இங்க நின்னு தண்ணி குடிக்கணும்னா டாக்டர்ட்ட லெட்டர் வாங்கிட்டு வா."

தண்ணீர் குடிக்க லெட்டர்! தாகத்துக்கு லெட்டர்! எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறிவிட்டது.

"வாங்கிட்டு வாரேன்ண்ணே. எங்களுக்கு இம்புட்டு நாளா மாத்திரை குடுத்தீகளே, அதுக்கு ஒங்களுக்கு எந்த டாக்டரு லெட்டர் குடுத்தாரு? அதையும் காட்டுங்க."

வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன்.

அப்போதுதான் சுடிதார் செக்‌ஷன் பாத்திமா அக்கா பக்கத்தில் வந்து நின்றார். ஆறு வருஷமாக அந்தக் கடையில் சத்தம் போட்டுப் பேசாத மனுஷி.

"அவ கேக்குறது சரிதான தம்பி? வெறும் வயித்துல நீங்க குடுத்தத முழுங்கி முழுங்கி எனக்கு வயிறு புண்ணாக் கெடக்கு. நான் யார்ட்டப் போய்க் கேக்க?"

மேனேஜர் போனை எடுத்துக்கொண்டு முதலாளி ரூமுக்குப் போனார்.

சாயங்காலம் மைக்கில் அறிவிப்பு வந்தது. நாளை முதல் ஸ்டாஃப் இரண்டு பிரிவாகப் பிரிந்து, நேரத்துக்குச் சாப்பிடப் போகலாம். பாட்டில் வைத்துக்கொள்ளலாம். ஸ்டாஃப் நலனுக்காக மேனேஜரே சொன்ன யோசனையாம்! (கை வேறு தட்டச் சொன்னார்கள்.)

ஃபோகஸ் லைட்டும் ரூம் ஸ்ப்ரேயும் அப்படியேதான் இருக்கின்றன. அதற்கு இன்னொரு நாள் சண்டை போட வேண்டும்.

கிளம்பும்போது பாத்திமா அக்கா மெதுவாகக் கேட்டார். "அந்த டாக்டரம்மா வயித்துக்கும் பாப்பாகளாம்மா?" காலையிலிருந்து வராத அழுகை அப்போது வந்தது. லீவு போட்டுவிட்டு இரண்டு பேரும் சேர்ந்து போகிறோம்.

நேரத்துக்குச் சாப்பிடு, தண்ணீர் குடி, நன்றாகத் தூங்கு என்று நமக்கு எல்லோரும் சொல்கிறார்கள். அதே பேச்சை நம்மை வேலை வாங்குகிறவர்களிடம் யாருங்க சொல்வது?