வெளித்தாழ்ப்பாள் இல்லாத கதவு

விழுப்புரத்தில் பேருந்துக்காக நின்றிருந்தபோது திண்டிவனத்திலிருந்து தொலைபேசி வந்தது. எங்கள் மனநல ஆலோசனை நிலையத்தின் மேலாளர். "மெஹருன்னிசா அக்கா காலையில தவறிட்டாங்க மேடம்." அதே மூச்சில் கேட்டார்: "இனிமே அந்த ரூம் கதவுக்கு வெளித்தாழ்ப்பாள் போட்றலாங்களா?"

அங்கே வந்துபோன உங்களுக்கு அக்காவைத் தெரியும். கோட்டக்குப்பத்துக்காரர். தொண்ணூறுகளின் இறுதியில் திரைச்சீலை தைக்க வந்தவர், ஆலோசனை அறையையே மாற்றிவிட்டு உதவியாளராகத் தங்கிவிட்டார்.

சுவரின் நிறம் மனத்தை ஆற்றும் என்பதை நான் இன்றும் முழுதாக நம்புவதில்லை. அவரும் நம்பவில்லை. வருகிறவர் உட்காரும் நாற்காலியில் தானே ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்ப்பார், அவ்வளவுதான். "மூஞ்சிக்கு நேரா டியூப்லைட்டு. போலீஸ் ஸ்டேஷன் கணக்கா கீது மேடம்." விளக்கு இடம் மாறியது. அடுத்தது, ஆலோசகரான எனக்கும் வருகிறவருக்கும் நடுவே கிடந்த என் மேசை.

"அத எடுத்துட்டா என்னை யாருக்கா மதிப்பாங்க?"

"மதிக்கவா வர்றாங்க? அழுவத்தான வர்றாங்க?"

மேசை வராந்தாவுக்குப் போனது. ஒரு மாதம் நான் அவரோடு சரியாகப் பேசவில்லை.

பிறகு முகையூரிலிருந்து ஒரு பெண்ணை அவள் அண்ணன்கள் அழைத்து வந்தார்கள். வீட்டில் அவளை அறையில் அடைத்து வைத்திருந்தவர்கள். எங்கள் கதவின் வெளித்தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். படித்ததையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். அசையவில்லை. அக்கா தையல் மெஷின் டிராயரிலிருந்து சின்னத் திருப்புளியை எடுத்து வந்தார். தாழ்ப்பாளைக் கழற்றி அவள் கையில் வைத்தார்.

"நீயே வச்சிக்கினு உள்ள வாம்மா."

வந்தாள்.

மேலாளர் கொதித்தார். "பேஷண்ட் ஓடிட்டா யாரு பொறுப்பு?"

"இன்னைக்கு ஓடுனா நாளைக்கு வருவாங்க சார். அடைச்சி வச்சா எப்பவுமே வரமாட்டாங்க."

அதன்பின் இரண்டு முறை புதுத் தாழ்ப்பாள் பொருத்தினார்கள். இரண்டு முறையும் மறுநாள் அது மேலாளரின் மேசையில், காகிதங்களுக்குப் பாரமாகக் கிடந்தது.

அக்கா தவறிய அன்று தொலைபேசியில் மேலாளரிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: "போடுங்க. மூணாவதும் உங்க மேசைக்கு வரும்."

துக்கம் விசாரிக்கப் போனபோது, அவர் மகளிடம் அந்தத் திருப்புளியைக் கேட்டேன்.

"துருப்பிடிச்சிக் கீதே மேடம், இது எதுக்கு?"

"வேலை இருக்கு" என்றேன். அது இப்போது என் கைப்பையில் இருக்கிறது.