டிராயரில் பூட்டிய கேசட்

நேற்று வீட்டு சீலிங் ஃபேனின் காயில் கம்பி கருகிவிட்டது. அந்த வார்னிஷ் நாற்றம் மூக்கில் ஏறியதுமே, கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் பக்கம் நான் வைத்திருந்த கேசட் கடை ஞாபகம் வந்தது. ஜன்னலைத் திறக்கச் சொல்லி மனைவி கத்துகிறாள். நானோ மோப்பம் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

கேசட்டில் பழைய பாட்டை அழித்துப் புதுப்பாட்டு பதிவதுதான் அன்றைக்குப் பிழைப்பு. அழிக்கும் கருவியை விலைக்கு வாங்க நமக்கு ஏது வக்கு? செத்துப்போன ஸ்டெபிலைசரிலிருந்து டிரான்ஸ்பார்மரைக் கழற்றி, ஒரு பக்கத் தகடுகளை உருவிப் போட்டேன். கரண்ட் கொடுத்தால் அந்த வழியாகக் காந்தம் வெளியே கசியும்; சூடேறினால் இதே வார்னிஷ் நாற்றம் அடிக்கும். அதை மேசைப் பலகைக்கு அடியில் திருகி, காலிங்பெல் பட்டன் ஒன்று வைத்தேன். பட்டனை அமுக்கியபடி கேசட்டைப் பலகைமேல் சுற்றி, மெல்ல விலக்க வேண்டும். அவசரப்பட்டால் டேப்பில் உறுமல் தங்கிவிடும். மரத்தையே துளைத்து அழிக்கிறதே என்று எனக்கு ஒரே கெத்து. பெரிய விஞ்ஞானி என்ற நினைப்பு, வேறென்ன!

அப்போதுதான் சாமுவேல் வந்தான். இரும்பு உருக்கும் கம்பெனியில் கான்டிராக்ட் ஆள். அவனோடு சேர்த்துப் பன்னிரண்டு பேரை ஆறு மாதத்தில் நிரந்தரமாக்குவதாக மேனேஜர் எல்லார் முன்னாலும் சொன்னதை, ரகசியமாகக் கேசட்டில் பதிந்து எடுத்து வந்திருந்தான்.

“ரெண்டு காப்பி போட்டு வெய்ணா. திங்கக்கெழம லேபர் ஆபீஸ்ல போட்டுக் காட்டணும். இத்த உட்டா எங்களுக்கு வேற சாட்சி கெடியாது.”

பத்திரமாக இருக்கட்டும் என்று மேசை டிராயரில் வைத்துப் பூட்டினேன். டிரான்ஸ்பார்மருக்கு நேர் கீழே அந்த டிராயர். கல்யாண சீசன், காப்பி போட நேரமில்லை; நாலு நாளும் பலகைமேல் கேசட் கேசட்டாக அழித்துத் தள்ளினேன். பலகையைத் துளைக்கிற காந்தம் டிராயரை மட்டும் விட்டுவைக்குமா? புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ!

ஞாயிற்றுக்கிழமை அவன் எதிரிலேயே போட்டேன். உர்ரென்று உறுமல்தான். மேனேஜர் குரல் மருந்துக்கும் இல்லை. எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஆனால் வாய் என்ன சொன்னது தெரியுமா?

“இன்னாபா, ரெக்கார்ட் பட்டன ஒழுங்கா அமுக்குனியா?”

அவன் தன் கட்டைவிரலைப் பார்த்தான். “அமுக்குன மாரிதான்ணா கீது...”

சாட்சி இல்லையென்று லேபர் ஆபீஸில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கம்பெனிக்கு விலைபோய்விட்டான் என்று மற்ற பதினோரு பேரும் அவனோடு பேச்சையே நிறுத்தினார்கள். எனக்கு எல்லாம் தெரியும். வாயைத் திறக்கவில்லை.

வருஷங்கள் ஓடிவிட்டன. கடை போயிற்று, கேசட் போயிற்று. கம்பெனி இருந்த இடத்தில் கன்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. அங்கே சாமுவேல் வாட்ச்மேன்; அதுவும் கான்டிராக்ட்தான். ராத்திரி முழுக்கத் தூக்கமில்லாமல், இன்று காலை போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். செருப்பைக் கழற்றுவான் என்றுதான் நினைத்தேன்.

அவன் லாரிகளைப் பார்த்தபடியே சொன்னான்:

“அவுங்க சாவுற வரிக்கும் ஒருத்தனும் என் மூஞ்சியப் பாத்துப் பேசலணா. இப்ப இத்த நான் யாராண்ட போயி சொல்றது? பதினோரு பேர்ல ஒருத்தன்கூட உசுரோட இல்லியே.”