கடையின் பெயரில் ஒரு வலைப்பூ

மூக்குக்கண்ணாடிக் கடையில் அவனை எல்லோரும் தம்பி என்றுதான் கூப்பிடுவார்கள், அவனைவிடச் சின்னவர்கள்கூட. வயது முப்பத்தொன்று. கடை அக்கா வீட்டுக்காரருடையது. அவரை இவன் மாமா என்பான், அவர் இவனை மாப்ள என்பார். கடைக்கு மேலேயே வீடு. முன்னறை தம்பிக்கு. அதற்கு ஒரு ஜன்னல் உண்டு. ஆனால் கடையின் பெயர்ப்பலகையைச் சரியாக அதன்மேல்தான் அடித்திருந்தார்கள். ஜன்னலைத் திறந்தால் பலகைத் தகரத்தின் முதுகு தெரியும். மழையைக்கூடச் சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்வான்.

கல்லூரிக் காலத்திலிருந்தே எழுதிக்கொண்டிருந்தான். பத்திரிகைகளுக்கு அனுப்பிய கவிதைகள் போன இடம் தெரியவில்லை. முதலில் அச்சேறியது வாசிப்பு அட்டையில். புதுக் கண்ணாடி போட்டதும் படிக்கச் சொல்லிக் கையில் கொடுப்பார்களே, மேலே பெரிய எழுத்தும் கீழே போகப்போகப் பொடி எழுத்துமாக, அந்த அட்டை. பழையது கிழிந்துபோனது.

"புதுசு வரப் பத்து நாள் ஆகுமாம். நீதான் என்னத்தையோ கிறுக்குவியே மாப்ள, ஒரு பக்கம் அடிச்சுக் குடு," என்றார் மாமா.

ஒருவன் தன் வீட்டு வாசலில் நின்று கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறான் என்று எழுதினான். வந்தவர்கள் மூன்றாவது வரியிலேயே "ம், தெரியுது" என்று அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஒரு கணக்கு டீச்சர் மட்டும் பொடி எழுத்து வரை படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"அப்புறம் திறந்தாங்களா, இல்லையா?"

"தெரியாதுங்க."

"எழுதுன உனக்கே தெரியாதா? நல்லா இருக்குப்பா கதை."

அவர் கிண்டலாகத்தான் சொன்னார். தம்பிக்கு அது மூன்று நாள் காதில் நின்றது. அந்த வாரமே வலைப்பூ ஒன்றைத் தொடங்கினான். கடைக் கணினியில், மதியம் மாமா கண்ணயரும் முக்கால் மணி நேரத்தில். தலைப்பை நான்கு தடவை மாற்றினான், எழுத்துருவை ஏழு தடவை. ஆனால் அந்தக் கணினி எப்போதும் கடையின் கணக்கில்தான் திறந்திருக்கும் என்பதை யோசிக்கவில்லை. ஒவ்வொரு பதிவின் அடியிலும் எழுதியவர் பெயருக்குப் பதில் கடையின் பெயர் விழுந்தது, பக்கத்தில் 'கண் பரிசோதனை இலவசம்' என்று. பொடி எழுத்தைப் பார்க்கச் சொல்லி ஊரையே உட்கார வைக்கிறவன் அதைப் பார்க்கவில்லை.

ஆறு பதிவுகளுக்கு மொத்தம் பதினோரு வாசகர்கள். அதில் எட்டு பேர் இவனேதான்.

ஏழாவது பதிவு அக்காவைப் பற்றியது. பேர் போடவில்லை, அக்கா என்று மட்டும். சமையலறைக் குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, சுவரைப் பார்த்து நின்று, தண்ணீர் ஓடும் சத்தத்துக்குள் அழுது முடித்து, குழாயை மூடி, கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு வெளியே வந்து "யாருக்காச்சும் டீ வேணுமா?" என்று கேட்கும் ஒருத்தி. யாரோ ஒரு முகம் தெரியாதவர் அதை எடுத்துப் பகிர, நான்கே நாளில் இரண்டாயிரத்து முந்நூறு பேர் படித்துவிட்டார்கள்.

ஐந்தாம் நாள் மாமா கணினி முன்னால் உட்கார்ந்திருந்தார். திரையில் வலைப்பூ திறந்திருந்தது.

"அமுக்கமா இருந்துகிட்டு என்ன வேலை பாத்திருக்க மாப்ள," என்றார். முகமெல்லாம் சிரிப்பு. "நம்ம கடை பேரை ரெண்டாயிரத்து முந்நூறு பேரு பாத்திருக்கான். நோட்டீஸ் அடிச்சா இதுல பாதி தேறுமா?"

"படிச்சீங்களா மாமா?"

"அதெல்லாம் உன் டிபார்ட்மென்ட். 'ஓடும் தண்ணீர்'னு தலைப்புப் பாத்தேன், தண்ணிய மிச்சம் பண்றதப் பத்தியா? நல்ல விஷயம். அதுல மட்டும் கை வைச்சிராத, அதுதான் ஓடுற குதிரை."

கண்ணாடி துடைக்கும் துணியில் வலைப்பூவின் முகவரியை அச்சடிக்க அன்றைக்கே ஆர்டர் கொடுத்துவிட்டார். ஐந்நூறு துணி. திங்கட்கிழமை வந்துவிடும். அதன் பிறகு கண்ணாடி வாங்கும் ஒவ்வொருவரும் படிப்பார்கள். யாராவது ஒருத்தர் மாமாவிடம் சொல்லாமலா இருப்பார்? அழித்தாலும் மாமா ஏன் என்று கேட்பார்.

அக்கா அதைப் படித்தது சனிக்கிழமை. பில் மேசையில் உட்கார்ந்திருந்தவள், கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, தலையைத் தூக்காமலே பேசினாள்.

"சத்தம் வெளிய கேக்காதுன்னுல்ல நெனச்சிருந்தேன்."

"கேக்கலக்கா. தண்ணி ஓடுற நேரத்துக்குக் கழுவுன பாத்திரம் கம்மியா இருந்துச்சு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உருப்பட மாட்ட நீ."

"எதுக்குக்கா அழுற?"

கல்யாணத்துக்கு முன்னால் அக்கா ஒரு கட்டட வரைபட அலுவலகத்தில் வேலை பார்த்தவள். "போன மாசம் பழைய ஆபீஸ்ல இருந்து கூப்பிட்டாங்க. திரும்ப வர்றியான்னு."

"நீ என்ன சொன்ன?"

"குழாயத் திறந்தேன்." பில் புத்தகத்தை மூடினாள். "அவருக்குத் தெரிய வேணாம்டா. உன்னால முடிஞ்சத பண்ணு."

ஞாயிறு மதியம் கடை மூடியிருந்தது. தம்பி பதிவைத் திறந்தான். அக்கா என்று இருந்த பதினான்கு இடத்திலும் நான் என்று மாற்றினான். அழுதாள் எல்லாம் அழுதேன் ஆனது. கூந்தலை அள்ளி முடியும் வரி மட்டும் எப்படியும் பொருந்தவில்லை. அவன் எழுதியதிலேயே அவனுக்குப் பிடித்த வரி அதுதான். எடுத்துவிட்டான்.

துணி வந்த மூன்றாவது வாரம் கணக்கு டீச்சர் கண்ணாடியில் திருகாணி லூஸ் என்று வந்தார். பழைய வாடிக்கைக்காரர்களுக்கும் மாமா கொடுத்தனுப்பிய துணியில் இருந்த முகவரியைப் பிடித்துப் படித்திருக்கிறார். தம்பி உள்ளே லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தபோது மாமாவிடம் தணிந்த குரலில் சொன்னார்: "பையனைக் கொஞ்சம் கவனிங்க. தினமும் குழாயத் திறந்துவிட்டு அழறானாமே."

இரவுச் சாப்பாட்டில் மாமா வழக்கத்துக்கு மாறாகத் தொலைக்காட்சியை அணைத்தார்.

"மாப்ள, நான் உன்னை ஏதாவது சொன்னேனா?"

"இல்ல மாமா."

"பின்ன எதுக்குய்யா அழுற? உனக்கு இங்க என்ன குறை?"

இந்த வீட்டில் இப்படி ஒரு கேள்வியை மாமா கேட்டுத் தம்பி பார்த்ததில்லை. அக்காவின் கரண்டி பாத்திரத்துக்கும் தட்டுக்கும் நடுவில் நின்றது. தம்பி அவளைப் பார்த்தான். அவள் பார்க்கவில்லை. எழுத்தில் அக்காவை நான் என்று மாற்றியதுபோல வாயிலும் மாற்றிச் சொல்லிப் பார்த்தால் என்ன என்று தோன்றியது.

"வெளிய ஒரு வேலைக்குக் கூப்பிடுறாங்க மாமா. முன்னாடி தெரிஞ்ச வேலைதான். போகணும்னு இருக்கு. கேட்டா நீங்க வேணாம்பீங்களோன்னு..."

மாமா வாயில் இருந்ததை மென்று விழுங்கினார். கோபப்படவில்லை.

"அட, இவ்வளவுதானா? போயேன்யா. மனுஷன் நாலு சுவத்துக்குள்ளயே கிடந்தா இப்படித்தான் ஆகும். நான் என்ன ராட்சசனா?" என்றவர் அக்கா பக்கம் திரும்பினார். "கடைக்கு என்ன, உங்கக்கா இருக்காளே. பில்லோட சேத்து லென்ஸையும் பாத்துக்குவா. எங்க போகப் போறா அவ?"

அக்கா கரண்டியைச் சாய்த்துத் தட்டில் போட்டாள்.

"இல்ல மாமா," என்றான் தம்பி. "நான் போகல. சும்மா ஒரு நெனப்பு."

"பாத்தியா," என்றார் மாமா அக்காவிடம், திருப்தியாக. "வாய் விட்டுக் கேட்டதும் பாதி பாரம் இறங்கிடுச்சு அவனுக்கு."

"ஆமாங்க," என்றாள் அக்கா.