தொப்புளுக்குக் கீழே ஒரு தையல்

அடி அண்ணாமலையில் வாழ்க்கைப்பட்ட உண்ணாமலைக்கு ஒன்பது வருஷமாகக் குழந்தையில்லை. அந்த ஒன்பது வருஷமும் தெருவிலிருந்த அத்தனை பேரும் டாக்டராகி ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். நிஜமான டாக்டர் 1985இல்தான் வேலூரில் கிடைத்தார். சின்ன வயசில் குடல்வால் வெடித்ததில் கருக்குழாய்கள் குடலோடு ஒட்டிக்கிடக்கின்றன என்றார். தொப்புளுக்குக் கீழே சின்னத் துளை போட்டு, உள்ளே குழாய் விட்டுப் பார்த்தபடியே ஒட்டியதையெல்லாம் பிரித்துவிட்டார்.

ஊர் திரும்பிய மறுவாரம் துணி துவைக்கையில் புடவை விலக, ஓர்ப்படி ராஜம்மாள் அந்தத் தையலைப் பார்த்துவிட்டாள். நாலு பிள்ளை பெற்று, கேம்ப்பில் குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டு, அதற்கு இனாமாகக் கொடுத்த பிளாஸ்டிக் பக்கெட்டோடு வீடு திரும்பியவள் அவள். அவளுக்கும் அதே இடத்தில்தான் தழும்பு. வேறென்ன சாட்சி வேண்டும்?

“கேம்புல குடுத்த பக்கெட்ட எங்கடி ஒளிச்சு வெச்சிருக்கே?” என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள்.

“புள்ளையே இல்லாதவ எதுக்குக்கா கட்டுப்பாடு பண்ணிக்கணும்?” என்றாள் உண்ணாமலை.

அதை யோசிக்கக் கொஞ்சம் மூளை வேண்டும். அந்தத் தெருவில் அது எப்போதுமே கம்மி. மாமியார் ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. ஆபரேஷனில் கைமேல் கிடைத்த பலன் அதுதான்.

மறுவருஷம் பெண் குழந்தை பிறந்தது. பேர் வைக்கும் நாளன்று, வந்தவர்களிடமெல்லாம் ராஜம்மாள் உச்சுக்கொட்டினாள்: “கேம்புல சரியா பண்ணல. ஆபரேஷன் ஃபெயிலாயிடுச்சு, பாவம்.”

உண்ணாமலை குழந்தையைக் கொண்டுபோய் அவள் மடியில் போட்டாள்.

“ஃபெயிலானத செத்த புடிங்கக்கா. நான் சாப்ட்டு வந்துடறேன்.”