தமிழ் தெரியாத பாதர்

நான் முதல் நன்மை, அதாவது முதன்முதலாக நற்கருணை, வாங்குவதற்கு முந்திய சனிக்கிழமை, கண்டியில் எங்கள் கோயிலில் சனங்கள் தங்கள் பாவங்களைச் சொல்கிற பாவசங்கீர்த்தனம் கேட்க இரண்டு பாதர்மார் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் இளம் தமிழ்ப் பாதர். கேள்விமேல் கேள்வி கேட்பார். அவருக்கு முன்னால் மூன்றே மூன்று கிழவிகள் நின்றார்கள். மற்றவர் அந்த வருசம்தான் எங்கள் கோயிலுக்கு வந்திருந்த வயதான வெள்ளைக்காரப் பாதர். “ம்”, “நல்லது”, “மூணு அருள் நிறைந்த மரியே சொல்லு” என்பதற்கு மேல் அவர் வாயிலிருந்து தமிழ் வந்ததை ஒருவரும் கேட்டதில்லை. அவருடைய வரிசை வாசலைத் தாண்டி முற்றம் வரைக்கும் நீண்டிருந்தது.

எட்டு வயதிலேயே எனக்குப் பொலிஸ்காரப் புத்தி. எல்லாரும் ஏன் இவரிடமே போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தபோது, அந்த வரிசையில் என் அப்பாவும் நிற்பதைக் கண்டேன். நான்கு பேர் தள்ளி அம்மா. அப்பா உள்ளே போய் முழந்தாளிட்டார். நான் ஐந்நூறு வரை எண்ணினேன், ஆள் எழும்பவில்லை. கடைசியில் கழுத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். வீட்டில் பொய் என்ற சொல்லைக் கேட்டாலே பெல்ட்டைத் தேடுகிற மனிதர் அவர். ஐந்நூறு எண்ணும் அளவுக்கு என்ன பாவம் இருக்க முடியும்? ஒரு கொலையாவது செய்திருக்க வேண்டும் என்று முடிவுகட்டினேன். அம்மா இருநூறில் எழும்பினார். அப்போ, உடந்தை.

எனக்கும் அந்த வரிசைதான் வேண்டியிருந்தது. என் பாவம் அப்படி.

இரண்டு கிழமைக்கு முன், அலுமாரிக்கு மேல் இருந்த அப்பாவின் ரேடியோவை எட்டி எடுக்கப்போய்க் கீழே போட்டுவிட்டேன். திரும்பத் தூக்கி வைத்து, அம்மா தைத்த பூத்துணியை மேலே மூடிவிட்டு, விளையாடப் போய்விட்டேன். அன்று பின்னேரம் ரேடியோ பாடவில்லை. பழி மாமா மேல் விழுந்தது. மாமா அம்மாவின் தம்பி. கண்டியில் வேலை தேடுவதற்காக ஹுன்னஸ்கிரிய தோட்டத்திலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தார். ரேடியோவுக்குப் பக்கத்திலேயே பாட்டுக் கேட்டுக்கொண்டு நிற்பவரும் அவர்தான். “நான் தொடவேயில்ல மச்சான்” என்றார். அது அப்பாவுக்கு இன்னும் கோபத்தை ஏற்றியது.

“உடைச்சத விடு. முகத்தப் பாத்துப் பொய் சொல்றான் பாரு!”

அதற்குப் பிறகு அப்பா மாமாவோடு பேசவில்லை. அம்மாவும் தம்பிக்குச் சோறு போடும்போது கண்ணைப் பார்க்கவில்லை. என் நன்மை முடிந்த கையோடு ஊருக்குப் போய்விடுவதாக மாமா சொல்லிவிட்டார். போனால் வேலையும் இல்லை. தேயிலைக் கொழுந்து மூட்டை தூக்கவேண்டியதுதான். அதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. பாவத்தோடு நன்மை வாங்கினால் நாக்கு வெந்துபோகும் என்று வகுப்புப் பையன் ஒருவன் சொல்லியிருந்தான். மாமாவின் பிழைப்பைவிட என் நாக்கு எனக்குப் பெரிதாக இருந்தது. ஆகவே தமிழ் தெரியாத பாதரிடம் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். மற்றவர்களுக்கு ஒரு “ம்” போட்டவர் எனக்குக் கொஞ்சம் நீளமாக “ம்ம்ம்” என்றார். பிறகு, மூன்று மரியே. மலிவாகத் தப்பிவிட்டேன் என்று வெளியே வந்தேன்.

மறுநாள் நன்மை வாங்கினேன். நாக்கு வேகவில்லை. மத்தியானம் சாப்பாட்டுக்கு யாரை அழைத்திருந்தார்கள் தெரியுமா? அந்த வெள்ளைக்காரப் பாதரைத்தான். அம்மா கோழிக்கறி வைத்திருந்தார். கதவோரத்தில் மாமாவின் பை கட்டித் தயாராக இருந்தது. பாதர் கதிரையில் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டார். நிமிர்ந்தார்.

“தங்கச்சி, கறி சோக்கா இருக்கு. உறைப்பு மட்டும் ஒரு பொட்டு கூட. கலஹா தோட்டத்துல லயத்துப் பொம்பளைங்க வச்சுக் குடுத்தே எனக்குப் பழகிப் போச்சு. இருபது வருசம் அங்கதான இருந்தேன்.”

அம்மாவின் கையில் இருந்த அகப்பை அப்படியே நின்றது. அப்பாவுக்குப் புரையேறியது.

“பாதருக்கு... தமிழ் தெரியுமா?” என்றார் அப்பா, இருமலுக்கு நடுவே.

“யாரும் கேக்கலியே” என்றார் பாதர், எலும்பைக் கடித்தபடி.

அப்படியென்றால் நேற்று நான் சொன்னதெல்லாம் இவருக்குப் புரிந்திருக்கிறது. தெரிந்தே வந்திருக்கிறார்! கோழி ஒரு சாட்டு! அவர் என்னைப் பார்த்தாலும் பயம். பார்க்காவிட்டால், ஏன் பார்க்காமல் இருக்கிறார் என்று அதைவிடப் பயம். அம்மாவும் அப்பாவும் இலையில் வைத்த கண்ணை எடுக்கவில்லை. அவர்களிடம் ஏற்கனவே சொல்லிவிட்டார் போலும்! அப்போது பாதர் மெல்லக் கையை நீட்டி அலுமாரியின் பக்கம் காட்டினார்.

“தம்பி, அந்த...”

“நான்தான் போட்டு உடைச்சேன்!” என்று அலறினேன். “மாமா இல்ல! மாமா தொடவேயில்ல!”

பாதர் காட்டிய விரலை மடக்கவில்லை.

“தண்ணி ஜக்கத்தான் கேட்டேன்” என்றார்.

ரேடியோ இருந்த அலுமாரிக்குப் பக்கத்து முக்காலியில் தண்ணீர் ஜக்கு இருந்தது.

அப்பா எழும்பினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. திறந்து பார்த்தபோது அப்பா மாமாவின் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

“மச்சான், அந்தப் பைய உள்ள வை.” கொஞ்சம் நிறுத்தி, “நான்தான் பிழை” என்றார்.

மாமா பையை உள்ளே கொண்டுபோகும் வழியில் என் காதைப் பிடித்துத் திருகினார். “ரெண்டு கிழமையாக் கள்ளன் மாதிரிப் பாத்தாங்களேடா, படுபாவி!” அம்மா என்னைக் கட்டிப்பிடித்து, நன்மை வாங்கிய அன்றே பிள்ளைக்கு எவ்வளவு நேர்மை என்று கண்ணைத் துடைத்தார். பயத்தில் உளறியதற்குக் கிடைத்த பாராட்டை நான் மறுக்கவில்லை. அந்தப் பாவத்தை இன்றுவரை எந்தப் பாதரிடமும் சொல்லவில்லை.

பின்னேரம், பழைய தோட்டத்து ஆட்களைப் பார்க்கப் புறப்பட்ட பாதரை அப்பா கலஹா பஸ்ஸுக்கு ஏற்றிவிடப் போனார். வீட்டு வாசலில் நின்றாலே பஸ் நிற்கும் இடம் தெரியும். முதல் பஸ் வந்து போனது. பாதர் ஏறவில்லை, அப்பா திரும்பவுமில்லை. அப்பா தலையைக் குனிந்து பேசிக்கொண்டே இருந்தார். பாதர் ஒரு கையை அவர் தோளில் வைத்திருந்தார். இரண்டாவது பஸ்ஸும் போனது. அப்பா கைலேஞ்சியை எடுத்து முகத்தைத் துடைப்பது தெரிந்தது.

ஒரு ரேடியோவைத் திருத்துவதைப் பற்றி இவ்வளவு நேரம் பேச என்ன இருக்கிறது என்று யோசித்துக்கொண்டு, நான் மிச்சக் கோழியைத் தின்னப் போனேன்.