வேகம் பார்க்க வந்தவர்கள்

கோவைக்கு வெளியே, செட்டிபாளையம் பக்கம் கார்ப் பந்தயம். இந்த ஆண்டு கார்கள் முன்பைவிட வேகமானவை என்று ஒலிபெருக்கி ஓயாமல் பீற்றிக்கொள்கிறது. வேகம் இருக்கிறது, பந்தயத்தைத்தான் காணோம். கழுத்தைத் திருப்புவதற்குள் கார் போய்விடுகிறது. யாரும் யாரையும் முந்துவதும் இல்லை. சுற்றிலும் எல்லோரும் செல்போனைப் பார்க்கிறார்கள்.

"போன வருசம் மெதுவாத்தானுங்க ஓட்டுனாங்க. ஆனா ஒருத்தர ஒருத்தரு முந்தறது கண்ணுக்குத் தெரிஞ்சுதுங்க" என்கிறார், என் பின்வரிசையில் டிபன் கேரியரோடு உட்கார்ந்திருக்கும் அம்மா.

திடீரென்று ஒரு நீலக் கார் வளைவில் சுழன்று டயர் அடுக்கில் மோதுகிறது. கூட்டமே துள்ளி எழுகிறது. விசில், கைத்தட்டல், தலைக்கு மேல் செல்போன்கள். நானும் எழுந்து நிற்கிறேன், இன்று முதல்முறையாக.

"ஏனுங்க, கொஞ்சம் உக்காருங்க, மறைக்குது." பின்னாலிருந்து அந்த அம்மா கூப்பிடுகிறார். "அது என்ற பையன் காருங்க. எந்திரிக்கக் காலு வரமாட்டேங்குது."

நான் உட்காருகிறேன். எனக்கு முன்னால் ஒருவரும் உட்காரவில்லை.

ஓட்டியவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று ஒலிபெருக்கி சொல்கிறது. 'ப்ச்' என்றபடி கூட்டம் உட்காருகிறது. அதற்குப் பிறகுதான் அந்த அம்மாவுக்கு மகன் தெரிகிறான்.