ரோமாபுரியில் ஒரு காங்கேயம் காளை

படத்திலேயே இல்லாத ஒரு காட்சியைப் பத்து நிமிடம் நின்று புகழ்ந்தவன் நான். இதை மறைத்தும் பயனில்லை. கேட்ட இருபது பேரும் சிங்காநல்லூரிலேயே குடியிருக்கிறார்கள்.

எங்கள் திரைப்படக் கழகத்தில் மாதம் ஒரு ஞாயிறு மதியம் படம் போடுவார்கள். முடிந்ததும் ஒருவர் எழுந்து அதை எடைபோட்டுப் பேச வேண்டும். அந்த வேலைக்கு நிரந்தரமாக ஓர் ஆளைத் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அந்த மாதம் பண்டைய ரோமைப் பற்றிய பிரம்மாண்டப் படம், பேச்சு என்னுடையது. ஒரு வாரம் ரோமானிய வரலாறு படித்தேன். படித்ததெல்லாம் சரி. படத்துக்கு வரும் வழியில் ஒரு கல்யாணப் பந்தியில் இரண்டாம் முறை பாயசம் வாங்கியதுதான் தவறு.

பளிங்குத் தூண்கள் நினைவிருக்கின்றன. அவற்றுக்கிடையே வெள்ளை ஆடைகள் அசைந்தன. மைதானத்தில் பொன்னிறப் புழுதி எழுந்தது. ஏ.சி. மெல்ல முனகியது. புழுதி அடங்கியபோது பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீச, ஒரு காங்கேயம் காளை தனியே நடந்து வந்தது. திமில் ஆட, அவசரமே இல்லாமல். கூட்டம் மூச்சடக்கிப் பார்த்தது. பேரரசர் சிம்மாசனத்தை விட்டு எழுந்து, "வாங்க" என்றார். டப்பிங் நன்றாக இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன். காளை அவரைத் தாண்டிப் போய்த் தூண் நிழலில் படுத்து அசைபோட்டது. அவரும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். வானம் மெதுவாக மஞ்சளானது.

விளக்கைப் போட்டார்கள். எழுந்தேன். போர்க்காட்சிகளில் கொட்டிய கோடிகள் எல்லாம் வெறும் தூசி, அதிகாரம் ஒரு மாட்டுக்கு எழுந்து நிற்கிற அந்த மௌனத்தில்தான் இயக்குநர் தெரிகிறார் என்றேன். ஒருவர்கூட மறுக்கவில்லை. எங்கள் பக்கத்தில் பேசுகிறவரை நடுவில் திருத்துவது, பந்தியில் உட்கார்ந்தவரை எழுப்பிவிடுவதற்குச் சமம். மாட்டுக்குச் சுழி பார்த்துக் குணம் சொல்லும் முன்வரிசைப் பெரியவர், "சுழி சுத்தமான மாடாத்தானுங்க இருந்திருக்கும்" என்று தலையாட்டவும் செய்தார். கைதட்டினார்கள்.

வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது கழகத்தின் செயலாளர் வந்தார். பம்ப்செட் பட்டறைக்காரர், அதிர்ந்து பேசமாட்டார்.

"ஏனுங்க, இனி மாசாமாசம் நீங்கதான் பேசோணுமுங்க."

நான் அடக்கமாகச் சிரித்துவைத்தேன்.

"நாங்க பாத்த படத்துக்கு நீங்க பாத்தது எவ்வளவோ தேவலைங்க. அடுத்த மாசம் உங்க சேர்ல ஒரு தலகாணி போட்டு வெச்சுப்போடறோமுங்க."